கழி தள்ளியது யார் என்று பியானோ சொன்னது

போன சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனேன். கடற்கரையோர விடுதி ஒன்றில் என் தங்கை வசந்தா பியானோ வாசிக்கிறாள் என்று பேத்தி சொன்னாள். நாங்கள் பேசி ஆறு வருடம். சின்ன வயதில் கோவளத்தில் இருந்தோம். பியானோ டீச்சர் வீடு கால்வாய்க்கு அக்கரையில். வாரம் தவறாமல் ஓடத்தில் கழி தள்ளி அவளைக் கூட்டிப்போனவள், ஐந்தாவதோடு நின்ற நான். அவளோ ஒரு மேடையில், "எங்கப்பாதான் கூட்டிப்போவார்" என்றாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

மதியம் இரண்டு மணி பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய்.

"இன்னா ஆயா, சிலை பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

"பியானோ கேக்க."

"ஜோரா கீறே ஆயா!"

நாலு மணிக்கு ஆரம்பம். ஜன்னல் முழுக்கக் கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதிய இசையாம். வார்த்தையே கிடையாது, ஆனால் கதை நடக்கிறது. ஒன்றில் மழை கூரையிலிருந்து சொட்டியது. ஒன்றில் குதிரை காட்டுக்குள் ஓடி, குளம்புச் சத்தமாய்க் கரைந்தது. என் கண் பாதி மூடிவிட்டது.

கடைசியாக வசந்தா சொன்னாள்: "இது ஓடக்காரன் பாட்டு. இடது கை தண்ணி, வலது கை பாட்டு. எப்ப வாசிச்சாலும் எங்கப்பா கழி தள்றது கண்ணுல தெரியும்."

மறுபடியுமா! எழுந்து போகச் செருப்பைத் தேடினேன். அதற்குள் இடது கை ஆரம்பித்துவிட்டது. இரண்டு சின்னத் தள்ளல், ஒரு நிற்றல். இரண்டு, நிற்றல். அப்பா நெட்டை. ஒரே தள்ளில் ஓடம் பாதிக் கால்வாய் போகும். இரண்டு தள்ளுக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது பன்னிரண்டு வயது நான். பச்சைத் தண்ணீர், அவள் மடியில் நோட்டு, நனைந்த என் பாவாடை, எல்லாம் அந்த அறைக்குள் மிதந்தன.

முடிந்ததும் கிட்டே போனேன்.

"ஏண்டி, அப்பா நடுத்தண்ணில நின்னு மூச்சு வாங்குவாரா?"

அவள் இடது கை மட்டும் மெதுவாக வாசித்துப் பார்த்தது. இரண்டு, நிற்றல். அப்படியே நின்றுவிட்டது.

"அய்யோ அக்கா, அது உன் மூச்சு. வாசிக்கறப்ப அங்க நிக்காத, நிக்காதன்னு டீச்சர் திட்டிகினே இருப்பாங்க. கையி கேக்கவே கேக்காது."

"கைக்கு இருக்கற ஞாபகம் வாய்க்கு இல்ல" என்றேன்.

போகிறவர்கள் மூன்றரைக்கே போய் இடது பக்கம் உட்காருங்கள், கைகள் தெரியும். அனுமதி இலவசம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் இன்ன படம் தெரியும் என்று வாசிப்பவரே சொன்னாலும் நம்பாதீர்கள். கண்ணை மூடினால் தானே வரும்.

வசந்தா வரும் சனிக்கிழமையும் வாசிக்கிறாள். முன்வரிசையில் இருப்பேன். காபிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்; ஓடக்காரன் பாட்டுக்கு யார் பேரைச் சொல்கிறாள் என்று பார்த்த பிறகுதான் அவள் வீட்டில் காபி.