திட்டு விழுகிற வரைக்கும்

எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பிரசவம் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. அவர்களுடைய வாதமெல்லாம் எப்போது உள்ளே போவது என்பதில்தான். சீக்கிரம் போனால் கத்தி வைத்துவிடுவார்கள், வலி முற்றிய பிறகு போனால் குழந்தை தானாகப் பிறந்துவிடும். கெலவரப்பள்ளிப் பக்கம் தக்காளிக் கூடை தூக்கிப் பிழைக்கும் என் மாமியாருக்கு இதில் சந்தேகமே கிடையாது. கத்தி பட்ட உடம்பு கூடை தூக்காது என்பார். நான் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

எனக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவமும் மாமியார் பொறுப்பில் வந்தது. வலி கண்ட அன்று காலையிலேயே என்னை ஆட்டோவில் ஏற்றினார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றது.

"இங்கயே உக்காரு. நேரம் வந்தா போலாம்."

"நேரம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும், அத்தை?"

"புருசனத் திட்டுனா பாதி வலி. மாமியாளத் திட்டுனா முழு வலி. எங்களுக்கெல்லாம் அதாங் கணக்கு."

புருஷனை நான் சும்மாவே திட்டுகிறவள். அவர் ஷிப்டில் இருந்தார், போன் போட்டுத் திட்டினேன். மாமியார் அசையவில்லை. "இது தெனமும் நடக்கறதுதான" என்று பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார்.

கடைக்காரர் கன்னடக்காரர். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நெளிவதைப் பார்த்து, "ஏனம்மா, ஒளகே ஹோகல்வா?" என்றார். உள்ளே போகவில்லையா என்று பாவம் அவருக்கே பொறுக்கவில்லை. மாமியார் கன்னடத்திலேயே பதில் சொன்னார். எனக்கு வாயுத் தொந்தரவாம், ஒரு சோடா கொடுத்தால் போதுமாம். சோடா வந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது.

கத்தி வைத்தாலும் பரவாயில்லை, இந்தப் பெஞ்சில் மட்டும் பிள்ளை பெறக் கூடாது என்று தோன்றிவிட்டது. உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது. மாமியாரைத் திட்டினேன். முதல் வார்த்தை யோசித்துச் சொன்னது, மற்றதெல்லாம் தானாக வந்தது. வளைகாப்புப் புடவையின் நிறத்தில் ஆரம்பித்து, மகன் தட்டில் மட்டும் முட்டை வைத்தது வரைக்கும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸும் கையுமாக நின்றுவிட்டார்கள்.

மாமியாரின் முகம் மலர்ந்தது. "வந்துருச்சு, எந்திரி" என்றார். கன்டெய்னர் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தி, என்னை ரோட்டைத் தாண்ட வைத்தார்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். கத்தி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் நர்சம்மா கதவருகே மாமியாரிடம் பேசியது எனக்கும் கேட்டது.

"கழுத்துல கொடி சுத்தியிருந்துதும்மா. இங்க இருந்ததால எடுத்து விட்டோம். இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

மாமியார் உள்ளே வந்து குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

போன வருஷம் அவர் மகள், என் நாத்தனார், பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் வலி வந்த உடனே மாமியார் அவளை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு போனபோது வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தை, டீக்கடைக்குப் போகலையா?" என்று சீண்டினேன்.

"அவ வாயில்லாப் பூச்சி. அவ திட்டற வரைக்கும் உக்காந்திருந்தா புள்ள பள்ளிக்கூடத்துக்கே போயிரும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீ மரியாத பாத்து வாய மூடிட்டு இருந்திருந்தா?"

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"எதுத்த கடைல வேணாம்" என்றார்.