பழனிமுத்து மச்சானின் வாய்

என் அக்காள் கிருஷ்ணம்மாவின் புருஷன் பழனிமுத்து, மாத்தளைக்குப் பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனிதர். எங்கள் கொக்கோ தோட்டம் நாலந்தாப் பக்கம். பலாபத்வல வருவதற்குள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவார். அப்படிப்பட்டவரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அவரைப் பிடித்து ஆட்டியது.

இலங்கை அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் உட்கார்ந்து, தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்ட ஒப்பந்தம் அது. யார் எந்தப் பங்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மச்சானுக்கு இந்த மண்ணை விட்டுப் போக மனமில்லை. அவரிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. தான் பேசுவதெல்லாம் அதற்குப் புரிகிறது என்று நம்பினார். என் அக்காளுக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை என்பது அவர் குறை.

அந்த நேரம் பார்த்துத் தப்பு மேளம் அடித்து அறிவித்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரும் கொழும்பிலிருந்து ஒரு டாக்டரும் சேர்ந்து வருகிறார்கள், வெற்றிலை போடுகிற எல்லாரும் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்து வாயைக் காட்ட வேண்டும் என்று. புகையிலையைக் கன்னத்தில் அடக்கி அடக்கி வாயில் புற்றுநோய் வருகிறதாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கிவிடலாமாம்.

மச்சான் நம்பவில்லை. "நோயாவது மண்ணாவது. மாடு வாங்க வாறவன் மொதல்ல எதப் பாக்கிறான்? வாயத் தொறந்து பல்லத்தானே பாக்கிறான். ரெண்டு நாடும் ஆளுக்கு ஒரு டாக்டர அனுப்பி நம்மளப் பொறுக்கி எடுக்குது," என்றார்.

எங்கள் ஜனங்களுக்கு டாக்டர் சொன்னால் காதில் ஏறாது, மச்சான் மாதிரி ஆள் சொன்னால் உடனே ஏறிவிடும். மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைப் பார்த்திருக்க வேண்டும். லயத்து வீடுகளின் ஜனமே கூடி நின்று கரியால் பல் விளக்கியது. இங்கேயே இருக்க நினைத்தவர்கள் கொழும்பு டாக்டரின் மேசைக்கு முன்னால் வரிசை, போக நினைத்தவர்கள் மெட்ராஸ் டாக்டரின் மேசைக்கு முன்னால். ஒரு கிழவர் எது கிடைத்தாலும் சரி என்று இரண்டு வரிசையிலும் மாறி மாறி நின்றார்.

கொழும்பு வரிசையில் மச்சான்தான் முதல் ஆள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்பக்கம், அவர் புகையிலை அடக்குகிற இடத்தில், வெள்ளையாகத் தடித்து நடுவில் ஒரு புண். எரிகிறதா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். "நே மாத்தயா," இல்லை ஐயா என்றார் மச்சான். சோற்றின் உறைப்பு வாயில் பட்டாலே கண்ணில் தண்ணீர் வருகிற மனிதர் சொல்கிற பதில் இது.

கொழும்பு டாக்டர் எழுந்து போய் மெட்ராஸ் டாக்டரைக் கூட்டி வந்தார். இருவரும் தலையோடு தலை முட்ட அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்து இங்கிலீஷில் பேசினார்கள். பேரம் நடக்கிறது என்று மச்சானுக்கு நிச்சயமாகிவிட்டது. மெட்ராஸ் டாக்டர் தலையாட்டினார். அவ்வளவுதான், நாக்கை அமுக்கி வைத்திருந்த மரக்குச்சியைக் கடித்தபடியே மச்சான் எழுந்து ஓடினார்.

மாட்டுக்கொட்டகையில் செவலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஒளிய வேறு இடம் அவருக்குத் தெரியாது. டாக்டர்கள், அக்காள், நான் என்று எல்லாரும் பின்னாலேயே போனோம். வழியில் மெட்ராஸ் டாக்டர் அக்காளிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்பவே வெட்டி எடுத்தா பொழச்சுக்குவாரும்மா. தள்ளிப்போட்டா எங்க ரெண்டு பேராலயும் ஒண்ணும் செய்ய முடியாது." அக்காள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கூட்டினாள். நானும் கூடவே ஓடினேன்.

மெட்ராஸ் டாக்டர் தமிழில் கூப்பிட்டார். மச்சான் தமிழே தெரியாதவர் போலச் சிங்களத்தில் பதில் சொன்னார். கொழும்பு டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை இங்கிலீஷாக்கி மெட்ராஸ் டாக்டரிடம் சொன்னார். மெட்ராஸ் டாக்டர் இங்கிலீஷில் சொன்னது சிங்களமாகிக் கொட்டகைக்குள் போனது. பசு மட்டும்தான் வாயை மூடிக்கொண்டு நின்றது.

அக்காளுக்குப் பொறுமை போய்விட்டது. மெட்ராஸ் டாக்டர் முன்னால் போய் நின்று வாயை ஆவென்று திறந்து காட்டினாள். "என்னைய எடுத்துக்கங்க ஐயா. இந்த மனுசன் இங்கயே மாட்டோட கெடந்து சாகட்டும். அதப் பாக்க நான் இருக்க மாட்டேன்," என்றாள்.

பிறகு தலையெல்லாம் வைக்கோலோடு மச்சான் வெளியே வந்தார்.

"அப்ப என்னையும் எடுத்துக்கங்க," என்றார், சுத்தமான தமிழில். வாயைத் திறந்தார்.

மச்சானையும் அக்காளையும் டாக்டர்களின் ஜீப்பிலேயே கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாட்டு டாக்டர்கள் மேலும் பாரபட்சம் இல்லாமல் வாந்தி எடுத்தார் என்று அக்காள் வந்து சொன்னாள். அப்படியும் இருவரும் சேர்ந்து நின்று அறுத்து, அவரைப் பிழைக்க வைத்தார்கள். கன்னம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அதற்குப் பிறகு மச்சான் எப்போதும் பாதிச் சிரிப்போடு இருந்தார். கங்காணி திட்டும்போதும் அந்தச் சிரிப்பு, சாவு வீட்டிலும் அதே சிரிப்பு. புகையிலையை விட்டுவிட்டுக் கராம்பு மென்றார். தோட்டத்தில் வெற்றிலை போடுகிறவர்களை வழியில் மறித்து, வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். மாட்டு வியாபாரி தோற்றான்.

சில வருஷம் கழித்து அந்தப் பங்கின் முடிவு வந்தது. இங்கேயே இருக்கிறோம் என்று எழுதிப் போட்டிருந்தும் அவர்கள் இருவருக்கும் இந்தியா. எனக்கு இங்கே. ஒரே வயிற்றில் பிறந்த எங்களை எதைப் பார்த்துப் பிரித்தார்களோ, பாவிகள். மாத்தளை ஸ்டேஷனில் அக்காளும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். மச்சான் மடியில் வாந்திக்கு ஒரு டின்னை வைத்துக்கொண்டு ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வாயப் பாக்காமலே எடுத்துட்டாங்க பாத்தியா, கமலாட்சி," என்றார் என்னிடம். அந்தச் சிரித்த கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

செவலை இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. மாடு பார்க்க என்று யாராவது வந்தால், அதன் வாயைத் திறக்க நான் விடுவதில்லை.