வீடு வராத படங்கள்

படுத்திருப்பவளைப் பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை என்பது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. ஜேடர்பாளையத்தில் அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலில் கண்ணை மூடித் திறந்தால், காலடியில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கிறார். பிறகு எதிரே ஓடும் டிவியைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்புவதே இல்லை. ஒரு நாள் வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா, வயிறு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையும், டிவியில் ஓடும் அந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்று மூன்று தடவையும் கேட்டுவிட்டுப் போனார்.

பின்லாந்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். தாம்பெரே நகரத்தில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அங்கே ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதென்றால் நாலு நாள் முன்பே செய்தி அனுப்புவார்கள். வந்தாலும் காபி குடித்து முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். என் மேலதிகாரி பாய்வி போனில் நலம் விசாரித்தபோது, இன்று மட்டும் பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் மருத்துவர்களா, அப்படி என்ன சிக்கல் என்று கேட்டாள். இல்லை, சொந்தக்காரர்கள் என்றேன். நோயாளிக்கு ஓய்வு வேண்டும், நீ எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம், அது உன் உரிமை என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் எழுத்தில் மறுப்புக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். 'கீத்தோஸ்' என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கர்ப்பப்பையில் கட்டிகள். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அங்கேயே செய்திருக்கலாம். ஆனால் முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டும், கணவர் செந்திலுக்கு மாற்றி மாற்றி ஷிப்ட், பையன் நித்திலனுக்குப் பதின்மூன்று வயது. யார் பக்கத்தில் இருப்பார்கள்? கெளம்பி வா என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனையில் ஆப்பரேஷன் ஆகி, ஆறாம் நாள் அக்கா வீட்டுக்காரரான மாமா என்னைக் காரில் கூட்டி வந்தார். பின் சீட்டில் மெத்தையை விரித்திருந்தார். வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, "புடிச்சுக்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் அவரைத் திட்டியதை நான் எண்ணவில்லை.

ஆறு வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் செந்தில் அதற்கு முன்பே ஒன்றைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டிருந்தார். அங்கேயே இருந்துவிடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று நாங்கள் ஐந்து வருடமாகப் பேசிப் பேசிச் சலித்த விஷயம். விமான நிலையத்தில் வைத்து, நீயே முடிவு பண்ணு, இருந்துக்கிறேன்னு சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு வெயில் காலத்துக்குள் பையனோடு வந்துவிடுகிறேன் என்றார். அது பெருந்தன்மையா, பொறுப்பைத் தள்ளிவிட்டதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்கு இந்தப் பேச்சு தெரியும். நாமக்கல் பக்கம் பையனுக்கு நல்ல பள்ளிக்கூடம் எது என்று அவள் அதற்குள் நாலு பேரிடம் கேட்டு வைத்துவிட்டாள். திரும்புவதற்கான டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. அதைக் கிழிப்பதா வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கு இது விளக்கமே தேவைப்படாத கேள்வி.

படம் போடும் பொறுப்பு மாமாவுடையது. குமரேசன் மாமா இருபது வருடத்துக்கு மேல் போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜராக இருந்தவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் பத்து மாதம் ஊருக்கு வராமல் கிடந்தவர். முழங்கால் வலி வந்த பிறகுதான் வீட்டோடு இருக்கிறார். ஒரு பென் டிரைவ் நிறையப் படம் ஏற்றி வைத்திருந்தார். காலைக் கஞ்சி குடித்ததும் ஒன்று, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் ஒன்று. எல்லாம் டப்பிங் படங்கள். கடலில் போகிறவர்கள், பாலைவனத்தில் தண்ணீர் தேடுகிறவர்கள், மலையில் புதையல் தோண்டுகிறவர்கள், ராக்கெட்டில் தனியாக மாட்டிக்கொண்டவர்கள்.

நான் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை. வலி மாத்திரை என்னைப் பாதிப் படத்திலேயே இழுத்துக்கொண்டு போய்விடும். தூக்கத்துக்குள் கப்பல் தொடர்ந்து போகும். ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தின் மேல் அது மெதுவாக நகர்வதை நான் பார்த்தேன் என்று சத்தியம்கூடச் செய்வேன். தடுப்பணைப் பக்கமிருந்து தண்ணீர் விழும் சத்தம் வரும். அது கடல் என்று நம்பிக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு நாள் காவேரி முழுக்கப் பனி உறைந்து, அதன் மேல் நித்திலன் பள்ளிக்கூடப் பையோடு நடந்து வந்தான். அக்கரையில் செந்தில் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை, அவன் விழுந்துவிடுவானோ என்ற பயமும் இல்லை. விழித்தபோது ராக்கெட்காரன் ஒரு கோளில் இறங்கிக்கொண்டிருந்தான், அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எது எந்த ஊர் என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்பச் சுகமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் வாரம்தான் கவனித்தேன். இத்தனை படத்தில் ஒன்றில்கூட ஒரு வீடு இல்லை. ஒரு அம்மா இல்லை, கல்யாணம் இல்லை, சாப்பாட்டுப் பந்தி இல்லை. மாமா வெளியே போயிருந்தபோது அக்காவிடம் கேலியாகக் கேட்டேன், உன் வீட்டுக்காரருக்குக் குடும்பம் என்றாலே ஆகாதா என்று.

அக்கா சிரித்துவிட்டு, அது ரிக் வண்டிப் பழக்கம் என்றாள். கேம்பில் வேலை முடிந்ததும் ஆட்களுக்குப் படம் போடுவது மேனேஜர்தானாம். ஒருமுறை தெரியாத்தனமாக அண்ணன் தங்கை பாசப் படம் ஒன்றைப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனுக்குத் தங்கையே கிடையாதாம், அவனும் நின்றானாம். ஆள் இல்லாமல் வண்டி ஒரு வாரம் சும்மா நின்றது. அதிலிருந்து மாமா எல்லாப் படத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுவார். வீடு வருகிற படத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். போகிற வேலைக்குப் போகிறவன் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அக்கா இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் மாமா என்னையும் கேம்ப் ஆளாக வைத்திருக்கிறார். நான் இங்கே இருந்துவிடக் கூடாது, தையல் ஆறியதும் கிளம்பிவிட வேண்டும் என்று நினைக்கிறார். வரச் சொன்னது அக்கா, ஆனால் வீடு அவருடையது அல்லவா? காசு பணத்துக்காக ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஒரு ரோஷம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும், நம்மை யாரோ வேண்டாம் என்கிறார்கள் என்று. எனக்கும் அது இருக்கிறது.

அன்று மத்தியானம் அவர் அடுத்த கப்பலைப் போட வந்தபோது கேட்டே விட்டேன். "நான் போயிறோணும்னுதானுங்களே மாமா இந்தப் படமெல்லாம் போடறீங்க?"

மாமா ரிமோட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவுக்கும் ஏழு வருடம் முன்பு இதே ஆப்பரேஷன் நடந்தது என்று தொடங்கினார். அப்போது அவர் சத்தீஸ்கரில் இருந்தார். நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கிறேன் என்று அக்கா போனில் சொன்னாளாம். அவரும் சரி என்று இருந்துவிட்டார்.

"அந்த வாரம் பூரா நான் கப்பல் படமாத்தேன் பாத்தேன் அம்மிணி" என்றார். "நல்லா வேலை செஞ்சுது. எனக்கு ஊட்டு நெனப்பே வரல. அது வராமப் போச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் உன்ற அக்கா மூஞ்சியப் பாக்க முடியல."

அப்புறம் எனக்கேன் அதையே போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு ரெண்டு பக்கமும் ஊடு. இங்க ஒரு அழுகாச்சிப் படம் போட்டா நீ டிக்கெட்டக் கிழிச்சுப்போடுவ. அழுதுபோட்டுப் போகவும் வேண்டாம், அழுதுபோட்டு இருக்கவும் வேண்டாம். காயம் ஆறட்டும். எந்தப் படமும் பாக்காத ஒரு நாள்ல யோசி."

நான் அவரைத் தப்பாக நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அதுக்கென்ன என்று சொல்லிவிட்டுக் கப்பலைப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நாள் ஐந்தாவது வாரம் வந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பார்க்க வருகிறவர்களும் குறைந்திருந்தார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எதுவுமே நடக்காத ஒரு நாள். நித்திலன் இந்நேரம் எழுந்திருப்பான், நேற்று நனைந்த கையுறையைக் காயப் போட்டானோ என்னவோ என்று நினைத்தேன். காயப் போடும் இடம் எது, வீட்டைச் சூடாக்கும் அந்தக் குழாயின் சூடு எவ்வளவு, அதற்குப் பக்கத்தில் கிடக்கும் செந்திலின் பூட்ஸ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் கண்முன் வந்தது. அழுகை வரவில்லை. ஏக்கம்கூட இல்லை. என் வேலை அங்கே கிடக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். போய்விட வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றே செந்திலிடம் சொன்னேன். அவர் சரி என்றார், பெருமூச்சு விட்டதும் கேட்டது. அக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை. அவள் அன்று கேப்பைக் களி கிண்டினாள். ரெண்டு உருண்டை சாப்பிட்டேன்.

சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, விமானத்தில் போகலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா ரிமோட்டை என் கையில் கொடுத்து, இனி நீயே எடுத்துக்கொள் என்றார். பென் டிரைவில் தேடினேன். கடைசியில் 'வேண்டாம்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் அத்தனையும் வீடு வருகிற படங்கள். ஒன்றைப் போட்டேன். நித்திலனும் சேர்ந்து பார்க்கட்டும் என்று வீடியோ அழைப்பில் அவனைக் கூப்பிட்டு, போனை டிவிக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். அங்கே பனி கொட்டுவதால் வெளியே போகவில்லை என்றான்.

மாமா, தோட்டத்தில் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று எழுந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. இதென்ன கேம்ப்பா?" என்றாள். உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்தது, பந்தி நடந்தது, சண்டை வந்தது, சமாதானம் ஆனது. கடைசியில் தங்கை தன் புருஷன் ஊருக்குப் பஸ் ஏறினாள். அண்ணி பலகாரக் கூடையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பி, ஏரிக்கரை வளைவில் திரும்பி, மறைந்தேவிட்டது.

போனிலிருந்து நித்திலன் கூப்பிட்டான். "அம்மா, இங்க படம் ஸ்டக் ஆயிருச்சு. பஸ் அப்படியே நிக்குது. அவங்க போறாங்களா, போகலையா?"

"கெளம்பீருச்சு சாமி" என்றேன். "அவங்க போயிட்டாங்க."

அக்கா டிவியை விட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் அறையில் பஸ் போன சாலை வெறுமையாகிவிட்டிருந்தது. தாம்பெரேவில், என் மகன் பார்த்துக்கொண்டிருந்த திரையில், அது இன்னும் ஊரை விட்டுக் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது.