கோட்டை வாசலில் ஜாபர்

அன்றைய வகுப்புக்குத் தோல் கிடங்கு முதலாளியே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதற்றம் தொற்றிக்கொண்டது. அவர் வந்தது என்னைப் பார்க்க அல்ல, தன் கிடங்கில் தோல் தரம் பிரிக்கும் ஜாபரைப் பார்க்க. ஜாபருக்கு முப்பது வயது. பேச்சு திக்கும். தன்னை வெளியூர்க் கொள்முதலுக்கு அனுப்பச் சொல்லி முதலாளியை நச்சரித்துக்கொண்டே இருந்தவர். பயிற்சிக்குப் போ, நானே வந்து பார்க்கிறேன், தேறாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போது நான் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு மாடியறையில் விற்பனை ஆட்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். மனப்பாடப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது. என் தம்பி பெங்களூரிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வந்த ரோல் பிளேயிங் கேம் விதிகளைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். இக்கட்டு வந்தால் நடித்துப் பேச வேண்டும், பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பேச்சு மட்டும் போதுமென்றால் வாயாடிகளே ஜெயிப்பார்கள். பகடை மட்டும் என்றால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டையும் சரிக்கட்டுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று பீற்றிக்கொள்வேன்.

அந்த ஆட்டத்துக்கு வேண்டிய பல முகப் பகடைக்குத் திண்டுக்கல்லில் எங்கே போவது? மாதா கோயில் திருவிழாவின் தம்போலா ஆட்டத்தில், பையிலிருந்து நம்பர் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூவி அடுக்குபவள் நான். அந்தப் பையிலிருந்து ஒன்று முதல் பத்து வரை காய்களை எடுத்துக்கொண்டேன். ஆறும் அதற்கு மேலும் வந்தால் வெற்றி. எடுத்த காயை உடனே பையில் போட்டுவிட வேண்டும்.

அன்றைய கதை பஞ்சம். கோட்டைக்குள் கிணறு, வெளியே தாகத்தில் ஊர்ச்சனம். மற்றவர்கள் ஏழு முறை காய் எடுத்து, கோட்டை வாசல்வரை வந்துவிட்டார்கள். காவலனிடம் பேசிக் கதவைத் திறக்க வைக்க வேண்டியது ஜாபர். காவலன் நான்.

ஜாபர் எழுந்து, மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். திக்கியது. திக்கிய இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பேசினார்.

"ஐயா, கதவத் தொறக்க வேணாம். ஒ... ஒரு கொடம் மட்டும் வெளிய வைங்க. பிள்ளைக குடிக்கட்டும். அதுவரைக்கும் நான் உங்ககிட்ட பிணையா நிக்கிறேன்."

 என் வகுப்பில் அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை. ஜாபர் பைக்குள் கைவிட்டுக் காயை எடுத்தார். இரண்டு.

விதியைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று இருந்தது. இன்னொரு தடவை எடுங்கள் என்றேன். "வந்தது வந்துருச்சு டீச்சர்" என்றார். பிறகு காவலனான என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, "ச... சரிங்கய்யா. நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தார்.

முதலாளி எழுந்தார். "இல்லேன்னு சொன்னவன்கிட்டயே நாளைக்கு வாரேங்கிறான் பாருங்க. இந்த மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." அடுத்த கொள்முதலுக்கு ஜாபர்தான் போகிறார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வகுப்பு கலைந்து மேசையை ஒழிக்கும்போதுதான் கவனித்தேன். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, அத்தனையும் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. முதலாளியைப் பார்த்த பதற்றத்தில், தம்போலாப் பழக்கத்தில், எடுத்த காய்களைப் பையில் போடாமல் அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன், மடச்சி. ஜாபர் எந்தக் காயை எடுத்திருந்தாலும் தோல்விதான். ஓடிப்போய்ப் படியில் அவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"எந்திரிக்கும்போதே பாத்துட்டேன் டீச்சர்" என்று சிரித்தார். முதலாளி முன்னால் என் தவற்றைச் சொல்ல மனசு வரவில்லையாம். அது சரி, ஜெயிக்க வழியே இல்லையென்று தெரிந்தும் ஏன் அப்படி உயிரைக் கொடுத்துப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"சனம் தா... தாகத்துல நிக்குதுல்ல டீச்சர்?"

அந்தச் சனம் நான் காலையில் டீ குடித்துக்கொண்டே எழுதியது. கதவு திறக்குமா என்பதைக் காய் சொல்லட்டும், கேட்க வேண்டியவர்களுக்காகக் கேட்டே தீர வேண்டும் என்பதை அன்று அந்தப் படியில் வாய் பிளந்து நின்று கற்றுக்கொண்டேன்.