உட்காரப் பழகிய ஞாயிறுகள்

தொழிலாளர் துறையில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், எப்படித் தட்டினால் எழும் என்பதெல்லாம் அத்துப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒரு நாள் வீங்கிய கால்களோடு வந்து நின்றாள்.

ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் அவளுக்கு வேலை. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்றே ஆகவேண்டும். கெண்டைக்கால் நரம்புகள் புடைத்திருந்தன.

"இப்படியே நின்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். வேலைய விட்டா பிள்ளைகள யாரு படிக்க வைப்பா?"

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மனு எழுதினேன், ஒப்புகை வாங்கினேன். ஆய்வாளர் வந்தார், பின்னாலேயே ஸ்டூல்களும் வந்தன. நடைமுறை முழு வெற்றி. கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால், ஸ்டூல்கள் மேல் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றனவாம்.

"உக்காரக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாரா?"

"அவிய ஒண்ணும் சொல்லல சார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே கால் தானா எந்திரிச்சிருது. ஒருத்தி எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சிருதோம்."

எனக்குத் தெரிந்து, முட்டிக்கு எதிராக மனு பெறும் அலுவலகம் கிடையாது.

யோசனை அவளுடையதுதான். ஞாயிறு கடை லீவு. கூட வேலை பார்க்கும் மூன்று பெண்கள் சோழபுரத்திலிருந்தும் தேவதானத்திலிருந்தும் பஸ் பிடித்து, அவள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். நான்தான் முதலாளி. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு படியேறி வரவேண்டும். அவர்கள் எழுந்திருக்கக் கூடாது.

வந்தேன். நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஏட்டி, ஒனக்கு அடியில ஸ்பிரிங்கா வச்சிருக்கு?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள் சோழபுரத்துக்காரி.

"நீதான மொதல்ல எந்திரிச்சே!"

மறுபடி வந்தேன். மறுபடி எழுந்தார்கள். சில ஞாயிறுகள் இப்படியே சிரிப்பில் போன பிறகு ஒன்று பிடிபட்டது. பாதத்தை முழுசாக ஊன்றி, பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே "வாங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டால் கால் ஏமாந்துபோகிறது. மரியாதை செய்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறது போல.

என் நடிப்பில்தான் குறை. "சார், இம்புட்டு சாதுவா வந்தா யாரு பயப்படுவா? இருமிக்கிட்டு வாங்க, மொறைங்க." இருமினேன், முறைத்தேன். பணிக்காலம் முழுக்க யாரும் எனக்குப் பயந்ததில்லை. அனுபவம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு, "எந்திரிங்க எல்லாரும்!" என்று கத்தியே விட்டேன். ஒருத்தியும் அசையவில்லை. நால்வரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு மிக்சர் என் செலவு.

"செவ்வாக்கெழம உக்காரப் போறோம் சார். சேல எடுக்க வாரமாதிரி வாங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

போனேன். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முந்தானையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிகளை இறக்கிவிட்டு நான்கு பேரும் ஸ்டூல்களில் இருந்தார்கள். படிக்கட்டில் சாவிக்கொத்துச் சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாதம் தரையில் அழுந்தியது. கை நீண்டு பக்கத்துக் கையைப் பிடித்தது.

"வாங்க மொதலாளி."

நான்கு பேரில் ஒருத்தி முட்டியும் நிமிரவில்லை.

அவர் நின்றார். நான்கு பேரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பிரிவில் எழுந்து நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். போதாக்குறைக்குக் கை வேறு கட்டியிருந்தேன்.

"ஏன் சார் நிக்கிறீங்க? உக்காருங்க" என்றார்.

சோழபுரத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி இருமிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

கடை அடைத்து பஸ்ஸில் வந்து இறங்கியவள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். கால் வீக்கம் வழக்கத்தில் பாதிதான்.

"ஞாயித்துக்கெழம மாடிக்கு வந்திருங்க சார். ஸ்டூல்ல நீங்க உக்காருங்க. சாவிக்கொத்த எங்கிட்ட குடுத்திருங்க."