மீசை வைத்த தேள்

வங்காளத்தின் காளிகாட் பகுதியில் பலகாரக்கடை நடத்தும் பரிமளாவின் முன்கையில் பாதித் தேள் ஒன்று உண்டு. சிறுவயதில் திருவிழாவில் பச்சை குத்தும்போது வலி பொறுக்காமல் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

கொடுக்கையும் போட்டு அதை முடித்துவிடலாம் என்று ஜாதவ்பூரில் ஒரு டாட்டூ கடைக்குப் போனாள். பச்சை குத்தும் பெண் மௌ, அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாசி, இந்த இறாலுக்கு ஏன் மீசை இல்ல?" என்றாள், வங்காளியில் சித்தி என்று கூப்பிட்டு.

"இறாலா? இது தேள்மா!"

"எனக்கு இறாலாத்தான் தெரியுது."

பரிமளா கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வளைந்த முதுகு, பொடிப்பொடிக் கால்கள். இத்தனை வருஷமும் இது தோன்றவில்லையே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"அப்போ கொடுக்கு வேண்டாம். மீசையே போடு, நல்லா நீளமா."

மறுநாள் பலகாரக்கடைக்கு வந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் அவள் கையைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "இது கடல் இறால் பாக்தாவா, ஆத்து இறால் கோல்தாவா?"

பரிமளாவுக்குத் தெரியவில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மீன் சந்தைக்குப் போனாள்.