மூன்று மூச்சு, ஒரு நன்றி

காலை நெரிசலில் தாம்பரம் மேம்பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தனசேகர் சாரின் மனைவி விஜயா. "சார், வண்டில இருக்கீங்களா? முதல்ல ஓரம் கட்டுங்க" என்றார். ஓரம் கட்ட அங்கே இடம் ஏது? பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "அவர் போயிட்டாரு சார். நீங்க நிதானமா வாங்க."

பதினெட்டு வருஷம் ஒரே பள்ளியில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவர் கணக்கு, நான் இயற்பியல். அந்த ஆசிரியர் அறையிலிருந்து இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய வழக்கம் தெரியும். முதல் மாரடைப்புக்குப் பிறகு ஏதோ ஒரு தியான வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தது. எது கெட்டாலும் நின்ற இடத்தில் நின்று, கண்ணை மூடி, மூன்று மூச்சை எண்ணுவார். பிறகு எதற்காவது ஒன்றுக்கு நன்றி சொல்வார். கைக்கு வந்த தலைமையாசிரியர் பதவி கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் போனபோதும் அப்படித்தான். "நல்லவேளை சார், பத்தாம் வகுப்பு என்கிட்டயே இருக்கு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்படி இருந்தா தலையில ஏறி மிதிப்பாங்க சார்" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்த வருஷம், சேறு வாரப் போயிருந்தேன். பீரோவைத் திறந்தால் கல்யாண ஆல்பம் ஊறிக் கூழாகிக் கிடந்தது. கண்ணை மூடினார். மூன்று போய், பத்துப் பன்னிரண்டு மூச்சு ஆயிற்று. "மாடி வீட்ல விஜயா சாம்பார் வைக்கறா சார். வாசனை வருது" என்றார். குரல் உடைந்திருந்தது. இந்த மனிதருக்கு வலிக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். என் தப்பு.

போன வாரம் மருத்துவமனையில் பார்த்தேன். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிராணவாயு முகமூடிக்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுக்கு மேல எண்ண முடியல சார். பயமா இருக்கு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணினேன். வேறு என்ன செய்ய? ஒன்று, இரண்டு, மூன்று. "இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "கேண்டீன்ல டீ நல்லா இருந்துச்சு சார்." நான் டீயே குடிக்கவில்லை. முகமூடிக்குள் சிரித்தார். "பொய். அது வெறும் வெந்நீர்."

அன்று மேம்பாலத்திலிருந்து இறங்கியதும் ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். மூன்று வந்தது. நன்றி வரவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகும் வரவில்லை. அவர் போனதற்கு ஒரு நல்லவேளை கண்டுபிடிக்க என்னால் ஆகாது. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூன்று மூச்சும் ஒரு பொய்யும்தான். அந்தப் பொய்க்குச் சிரித்தீர்களே, அதற்கு மட்டும் நன்றி, சார்.